சோப்புப் பட்டறைக்குப் போன தேக்கு

தாராவியில் லூசியம்மாளின் விறகுக்கடை வாசலில் அன்று காலை ஒரு லாரி நிறைய உத்திரங்கள் வந்து இறங்கின. துறைமுகத்துப் பக்கம் இடித்துத் தள்ளிய ஏதோ பழைய கிடங்கின் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த மரங்கள். மேலெல்லாம் தார் பூசி, தாருக்குமேல் எத்தனையோ வருஷத்துப் புகை படிந்து, எருமை முதுகு மாதிரிக் கிடந்தன. 'காட்டு மரம்' என்று சொல்லித்தான் இடிப்பு காண்ட்ராக்டர் விறகு விலைக்குத் தள்ளிவிட்டிருந்தான். லூசியம்மாளும் சரியாகப் பார்க்கவில்லை. வந்த கையோடு பதினொரு உத்திரங்களைக் கைவண்டியில் ஏற்றி மன்சூர் அலியின் சோப்புப் பட்டறைக்கு அனுப்பிவிட்டாள். அங்கே அடுப்பு நீளம். மரத்தைப் பிளக்க வேண்டாம், நுனியை உள்ளே விட்டு, எரிய எரியத் தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

மிச்சத்தைப் பிளக்க வெயிலுமுத்து கோடாலியைத் தூக்கினார். கடையில் பத்து வருஷமாக விறகு உடைப்பவர் அவர். ஓங்கி ஒரு போடு போட்டார். மரம் துணி கிழிகிற மாதிரி நேராகப் பிளந்தது. ஒரு சிராய் தெறித்து வந்து லூசியம்மாளின் மடியில் விழுந்தது.

அதைத் தூக்கி எறியப்போனவள் நின்றாள். விரலில் மெழுகு தடவின மாதிரி ஒரு வழவழப்பு. மூக்கருகே கொண்டுபோனாள். தோல் வாடை. தாராவியில் தோல் வாடைக்கு என்ன குறைச்சல், பக்கத்துப் பதனிடும் கொட்டகையிலிருந்து வருவதாகத்தான் முதலில் நினைத்தாள். சிராயைத் தூர வைத்துவிட்டு முகர்ந்தாள். பிறகு பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். வாடை மரத்திலிருந்துதான் வந்தது.

"அண்ணாச்சி, கோடாலிய கீழ போடுங்க!"

"என்னம்மா? சாப்பாட்டுக் கடைக்காரன் பத்து மணிக்கு விறகு கேட்டிருக்கான்லா?"

"அவனுக்கு மாமரத்தக் குடுங்க. இதுல கைய வைக்காதீங்க."

பிளந்த இடத்தில் ஒரு பழைய ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. சதுரமாக அடித்துச் செய்த கொல்லன் பட்டறை ஆணி. அவள் அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். மற்ற மரமாக இருந்தால் ஆணி துருவேறி, சுற்றிலும் கறுத்து உளுத்துப்போயிருக்கும். இந்த ஆணி இரும்பு நிறம் மாறாமல் வந்தது. துளையைச் சுற்றி மரம் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது.

இது தேக்காக இருக்குமோ? விறகு என்று வருகிற மரத்தைப் பதினான்கு வருஷமாகப் பார்க்கிறாள். எது சீக்கிரம் பற்றும், எது புகையும், எது கோடாலிக்கு மசியாது என்று கையே சொல்லிவிடும். ஆனால் தேக்கு அவள் கடைக்கு வந்ததே கிடையாது. வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததும் கிடையாது.

பிளந்த துண்டைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தாள். அடுத்த ஸ்டேஷன் குர்லா. அங்கே கடையநல்லூர் முகைதீனின் தச்சுப் பட்டறை. கதவு, கட்டில் எல்லாம் செய்பவர். அவளைவிட ஐந்தாறு வயது சின்னவர். அவர் பட்டறையில் கழிகிற துண்டுகளை அவள்தான் விறகுக்கு வாங்குவாள்.

முகைதீன் தாரைப் பார்த்ததும் சிரித்தார். "தண்டவாளக் கட்டைக்கு அறுத்த காட்டு மரமா இருக்கும்க்கா. பழசானா எல்லாம் இந்த நெறத்துக்குத்தான் வரும்."

"மோந்து பாரும் பாய்."

"எண்ணெயத் தடவித் தேக்குன்னு வித்தவனையும் பாத்திருக்கேன்."

"எனக்கு ஒருத்தனும் தேக்குன்னு சொல்லி விக்கல. விறகுன்னு சொல்லித்தான் வித்தான். எண்ணெய எவன் தடவப்போறான்?"

முகைதீன் உளியை எடுத்துத் துண்டின் முனையைக் குறுக்கே சீவினார். வெளிச்சத்தில் பிடித்து, வளையங்களில் வரிசையாக நின்ற சின்னச் சின்னத் துளைகளை உற்றுப் பார்த்தார். பக்கவாட்டில் கொஞ்சம் சீவி, குவளையில் விரலை நனைத்து ஒரு சொட்டு தண்ணீர் விட்டார். சொட்டு உள்ளே இறங்கவில்லை. சேம்பிலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது.

முகைதீனின் சிரிப்பு போய்விட்டது. கம்பியால் தாரைச் சுரண்டி, ஆணி எதுவும் மிச்சமிருக்கிறதா என்று இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு இழைப்புளியை வைத்துத் தள்ளினார். சுருள் அறுபடாமல் நீளமாகச் சுழன்று வந்து அவர் கால்மாட்டில் விழுந்தது. பட்டறை முழுக்க அந்த வாடை. கீழே, பொன் நிறத்தில் கோடு கோடாக மரம் திறந்துகொண்டது.

"யா அல்லா! பர்மாத் தேக்கு. யுத்தத்துக்கு முந்தி வந்த சரக்குக்கா இது. இப்ப இந்த மாதிரி கெடைக்காது. எத்தன இருக்கு?"

"கடையில பன்னெண்டு. பதினொண்ணு..." லூசியம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். "பதினொண்ண மன்சூர் அலி பட்டறைக்கு எரிக்க அனுப்பிட்டேன்."

முகைதீன் இழைப்புளியைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினார். அவளும் ஓடினாள். புறப்படப்போன ரயிலில் இரண்டு பேரும் தொற்றி ஏறினார்கள்.

"அக்கா, அங்க போயித் தேக்குன்னு வாய்விட்டுறாதீங்க. சாரம் கட்ட நீள மரம் வேணும்னு சொல்லுங்க. நான் பேசிக்கிடுதேன்."

"நான் ஏன் பேசப்போறேன்? வாயத் தெறக்கவே மாட்டேன்."

சயானில் இறங்கிச் சந்து சந்தாக ஓடினார்கள். சோப்புப் பட்டறையின் கூரைக்கு மேலே புகை கெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அண்டாவில் சோப்பு கொதித்தது. அடுப்பு வாயில் ஒரு உத்திரம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தது. ஆள் ஒருவன் அதைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அய்யோ, தேக்க எரிக்கானே!" லூசியம்மாள் கத்திவிட்டாள்.

முகைதீன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேலப்பாளையத்துக்காரர் மன்சூர் அலி மெதுவாகத் திரும்பினார். "என்னது, தேக்கா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? லூசியம்மாள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சிராய் மடியில் விழுந்ததிலிருந்து இழைப்புளிச் சுருள் வரைக்கும். "நான் தெரியாம அனுப்பிட்டேன் பாய். எனக்கே தெரியாது. மொதல்ல அத வெளிய இழுக்கச் சொல்லுங்க, பொறவு பேசலாம்."

"தேக்குன்னா நானே வச்சுக்கிடுதேனே. எனக்குத் தான வித்தீங்க?"

"வச்சுக்கிடுங்க, உங்க பொருள்தான். ஆனா எரிச்சிராதீங்க! அண்டா ஆறிப்போவும்னு தான யோசிக்கிய? பத்து நிமிசத்துல காஞ்ச மாமரம் வரும். சாயந்திரம் வரைக்கும் எரிங்க."

மன்சூர் அலி அவளையே பார்த்தார். பொய் சொல்லி வாங்கிப்போயிருக்கலாம் என்பது அவருக்கும் தெரிந்தது. முகைதீனின் கையிலிருந்த இழைப்புளியைப் பார்த்தார். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த மரப்பெட்டிகளைக் காட்டினார். கொதிக்கிற சோப்பை ஊற்றி ஆறவைக்கிற பெட்டிகள். எல்லாம் வாய் பிளந்து, கோணிக் கிடந்தன.

"சோப்புக் காரம் பட்டு மூணு மாசத்துக்கு ஒருக்க இப்படி ஆயிருது. உங்க தேக்கு இதுக்குத் தாங்குமா தச்சரே?"

"தாங்குமாவா? நம்ம காலத்துக்கு நீங்க வேற பெட்டியே வாங்க மாட்டிய!"

"அப்ப நாலு பெட்டி செஞ்சு குடுங்க. மிச்ச மரத்த நீங்களே கொண்டு போங்க."

அடுத்த நிமிஷம் மூன்று பேருமே உத்திரத்தைப் பிடித்து இழுத்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, அது சீறி அடங்கியது. முகைதீன் கரியைத் தட்டி, எரிந்த முனைக்கு ஒரு முழம் தள்ளி வெட்டிப் பார்த்தார். உள்ளே அதே பொன் நிறம். லூசியம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு உத்திரம் ஏற்கெனவே சாம்பலாகியிருந்தது. ஒன்பது மிஞ்சியது.

தாரைச் சுரண்டி, ஆணி பிடுங்கவே பத்து நாள் ஆயிற்று. வெயிலுமுத்து கோடாலியை வைத்துவிட்டு ஆணிப்பிடுங்கியோடு உட்கார்ந்தார். ஒரு ஆணி தப்பினாலும் ரம்பத்தின் பல் போய்விடும் என்பதால் ஒவ்வொரு முழத்தையும் கையால் தடவினார்கள். போல்ட் துளையிருந்த பாகங்களைக் கழித்துப் பலகையாக அறுத்தார்கள். முதலில் மன்சூர் அலியின் நாலு பெட்டிகள். பிறகு செம்பூரில் வீடு கட்டிக்கொண்டிருந்த விசாலாக்ஷி என்ற பள்ளிக்கூட ஆசிரியைக்கு வாசற்கதவு. பழைய மரம் என்றதும் அந்த அம்மாள் தயங்கினாள்.

"கோணுறதெல்லாம் கோணி முடிச்ச மரம்மா இது. இனிமே கோணாது" என்றார் முகைதீன்.

அடுத்த மழையில் அக்கம்பக்கத்துப் புதுக் கதவெல்லாம் உப்பி இறுகிக்கொண்டபோது அந்தக் கதவு ஒரு விரலால் தள்ளியதுமே திறந்தது.

அந்த மழை முடிந்ததும், பைகுல்லாவில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று சேதி வந்தது. இந்தத் தடவை லாரி வரட்டும் என்று லூசியம்மாள் காத்திருக்கவில்லை. முகைதீனையும் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போய், சேலையைத் தூக்கிச் செருகி, இடிபாட்டுக் குவியல் மேல் ஏறினாள். மாடிப்படிக் கைப்பிடி ஒன்று சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. உளியால் ஓரத்தைச் சீவினாள். ரத்தச் சிவப்பில், நடுவே ஊதா இழை ஓடிய மரம். தூக்கினால் கல் மாதிரிக் கனத்தது.

"பாய், இங்க வாங்க! இது என்ன மரம்?"

முகைதீன் வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்கள் பளபளத்தன.

"தெரியலியேக்கா. இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

கீழே கூலியாட்கள் விறகு லாரியில் மரங்களை அள்ளிப் போடத் தொடங்கியிருந்தார்கள். லூசியம்மாள் குவியலின் உச்சியில் நின்று இரண்டு கையையும் வீசினாள்.

"ருக்கோ! ருக்கோ! நிறுத்துங்க! ஒரு மரத்தையும் ஏத்தாதீங்க!"