நான்காம் கட்டத்தில் கறுப்புக் கறை

1

கைபேசி மேசைமேல் கிடுகிடுத்து, காப்பிக் கோப்பையில் மோதி, தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

"ரீக்கா, நான் வென்லா பேசறேன்."

பதினைந்து வருடம் கழித்து வந்த குரல்.

"உன் தொடர்கதை படிச்சேன்டி. ரயில் பாஸ்ல தேதியை அழிச்சு மாட்டிக்கிற அந்த லூசு யாரு, நானா?"

"அது... கற்பனை, வென்லா."

"கற்பனைக்கு என் உடைஞ்ச பல்லு எங்கேருந்து வந்துச்சு? நான் இப்ப ரயில்ல டிக்கெட் பரிசோதகர், தெரியுமா உனக்கு? எங்க ஓய்வறைச் சுவத்துல அந்தப் பக்கத்தை ஒட்டி வச்சிருக்கானுங்க. நான் உள்ள நுழைஞ்சாலே, 'அக்கா வர்றாங்க, ரப்பரை ஒளிச்சு வைங்கடா'ன்னு ஒரே சிரிப்பு. அடுத்த மாசம் மேற்பார்வையாளர் பதவி எனக்குத்தான்னு சொல்லியிருந்தாங்க. இப்ப இழுக்கறாங்க."

"மன்னிச்சுக்கோ."

"அதை நீயே வச்சுக்கோ. அன்னிக்கு ரயில்ல அந்தப் பரிசோதகர் கேட்டப்போ நீ என்ன பதில் சொன்னியோ, அதை அதே பத்திரிகையில எழுது. அந்த வரியோட நிறுத்து. அப்புறம் அழுதேன், தூங்கலேன்னு எதையாவது சேத்துவிடாத. உன்னை எனக்குத் தெரியும்."

வாசகர்களே, இந்தக் கதை பிறந்த கதை இதுதான். போன வருடம் பன்னிரண்டு வாரம் நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்களே, அந்தத் தொடரின் திருத்தம் இது.

2

'நான்' என்று தொடங்கினால் கை ஓட மறுக்கிறது. வாரம் மூவாயிரம் சொல் தள்ளும் கை! ஆகவே என் பாத்திரத்துக்கு ஐரா என்று பெயர் வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'ஆல்ப்ஸ் சிகரங்கள் காலை வெயிலில் தகதகக்க, ரயில்—'

(வேண்டாம். மலையைக் காட்டிக் குற்றத்தை மறைப்பது என் பழைய வித்தை.)

இரண்டாவது: 'ஐராவும் வென்லாவும் உயிர்த்தோழிகள். தாம்பரே நகரில் ஒரே கல்லூரி, ஒரே—'

(உயிர் என்ற சொல் பேனா முனையிலேயே நின்றுவிட்டது.)

மூன்றாவது: 'ஐரா கெட்டவள் அல்ல—'

(இப்படி ஆரம்பிக்கும் கதையில் அவள் கெட்டவளாகத்தான் இருப்பாள். உங்களுக்கும் தெரியும்.)

3

சரி, நடந்ததை நடந்தபடியே.

அந்த ஜூலையில் இருவருக்கும் இருபது வயது. கோடையில் எங்கள் பொறியியல் மாணவர்கள் போடும் குஞ்சம் வைத்த வெள்ளைத் தொப்பி இருவர் தலையிலும். பையில் கம்பு ரொட்டி. கையில் ஆளுக்கொரு ஐரோப்பிய ரயில் பாஸ்.

பாஸில் பத்துக் கட்டங்கள். பயணம் செய்யும் ஒவ்வொரு நாளும், ரயில் ஏறுமுன் ஒரு கட்டத்தில் பேனாவால் தேதி எழுத வேண்டும். பத்தும் நிரம்பினால் பயணம் முடிந்தது. ஐரா முத்து முத்தாக எழுதுவாள். அதனால் வென்லா தன் பாஸையும் அவளிடமே நீட்டிவிடுவாள். திருப்பி வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை.

நான்காம் நாள் ஐரா பென்சிலால் எழுதினாள். அன்று பரிசோதகர் வரவில்லை. மறுநாள் காலை, ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே இருக்கும் இன்ஸ்புரூக் நிலையத்தில், வென்லா பன் வாங்கப் போயிருந்தபோது, ஐரா ரப்பரை எடுத்தாள். முந்தைய நாளின் பென்சில் தேதியை அழித்து, அதே கட்டத்தில் அன்றைய தேதியை இம்முறை பேனாவால் எழுதினால் ஒரு நாள் லாபம். இருவருக்கும்தான். (இந்த 'இருவருக்கும்' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் காலம் தள்ளினேன்.)

அவள் வாயில் உப்பு மிட்டாய்.* தன் பாஸை முதலில், நிதானமாக, விரலைத் துடைத்துக்கொண்டு அழித்தாள். வென்லாவின் பாஸை எடுக்கும்போது ரயில் வந்துவிட்டது. விரலைத் துடைக்கவில்லை.

* எங்கள் ஊரில் பிறந்தவர் தவிர யாரும் விழுங்க முடியாத அதிமதுர மிட்டாய். தொட்ட இடமெல்லாம் கரி அப்பும்.

எல்லை தாண்டியதும் பரிசோதகர் வந்தார். வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஐராவின் பாஸைத் தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார். வென்லாவின் நான்காம் கட்டத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்புக் கறை; அடியில் பழைய தேதியின் நிழல்.

"அழிச்சது யாரும்மா?"

"நான் அழிக்கலைங்க" என்றாள் வென்லா. பிறகு ஐராவைத் திரும்பிப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் ஐரா தன் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

4

பரிசோதகர் ஐராவிடம் கேட்டார்: "இவங்க உங்ககூட வந்தவங்களா?"

என்னிடம் கைவசம் இருக்கும் முடிவுகள்:

அ. "ரெண்டையும் நான்தான் அழிச்சேன்" என்கிறாள் ஐரா. இதை எழுதிப் பார்த்தேன். அருமையாக வந்திருக்கிறது. நடக்கவில்லை.

ஆ. ஐரா வாய் திறக்கவில்லை. ஆனால் தோழி இறக்கிவிடப்பட்ட சின்ன நிலையத்தில் அவளும் இறங்கிவிடுகிறாள். நடைமேடையில் இருவரும் ரொட்டியைப் பிட்டுத் தின்கிறார்கள். இதுவும் நடக்கவில்லை. நடைமேடையில் வென்லா மட்டும் நின்றாள், தலையில் தொப்பியோடு. பாஸ் பரிசோதகரிடம் இருந்தது. அவர் அவளுடைய பையை இறக்கிவைத்து, எதிர்ப்பக்க ரயில் எத்தனை மணிக்கு என்று காட்டிவிட்டுத்தான் ஏறினார். நான் ஜன்னலை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

இ. தொடரில் அச்சானது: வென்லா கள்ளி, ஐரா அப்பாவி. நீங்கள் பாராட்டிக் கடிதம் எழுதியது இதற்குத்தான்.

5

ஐரா என்ற பெயரை இங்கே அடிக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பயம் என்று எழுதினால் நம்புவீர்கள். ஆனால் என் பாஸில் இன்னும் ஆறு கட்டம் காலியாக இருந்தது.

தண்டனை என்ன என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பரிசோதகர்களின் ஓய்வறையில் இருப்பவர்கள், பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு இதை ஒட்டலாம்.

அவர் கேட்டார். வென்லா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னேன்:

"இல்லைங்க, இவங்களை இந்தப் பெட்டியிலதான் முதல் தடவையா பாக்கறேன்."