ஆட்டுக்குப் பறித்த கீரை

அறுபத்தேழில் பந்தல்குடியில் ராஜகுருவின் பலசரக்குக் கடை நொடித்துப்போனது. அவர் மதுரையில் யாரோ ஒருவர் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விட்டார். பெண்டாட்டி சௌந்தரமும் நாலு வயது மகள் முத்துலட்சுமியும் பின்தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் ஒண்டினார்கள். அவர் அனுப்புகிற பணத்தில் சௌந்தரம் முதலில் அரிசி வாங்குவாள். அதோடு பணம் சரி. பிறகென்ன, வெறும் சோறும் ரசமும்தான். கம்பு வாங்கினால் பாதிச் செலவில் முடியும். ஆனால் கம்பு இடிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்குமே! கடைக்கார வீட்டில் கம்பங்கஞ்சியா என்று நாலு பேர் கேட்டுவிட்டால்? பாழாய்ப்போன கௌரவம், அது மட்டும் கடையோடு சேர்ந்து தொலையவில்லை.

ஐப்பசியில் பிள்ளைக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போனது. டவுன் ஆஸ்பத்திரியில் நர்சம்மா பார்த்துவிட்டு, இது மாலைக்கண், இப்படியே விட்டால் பார்வையே போய்விடும், தினமும் கீரையை எண்ணெய் விட்டு வதக்கிக் கொடு என்றாள்.

மழை பெய்து புஞ்சையெல்லாம் தொய்யக்கீரை காசில்லாமல் மண்டிக் கிடந்தது. ஆனால் காட்டுக்கீரை பறிக்கிறவர்கள் கூலிக்குப் போகிற பெண்கள். சௌந்தரம் விடியுமுன்னே, துவைக்கப் போகிறவளைப்போல அழுக்குத்துணியை இடுக்கிக்கொண்டு, ஆளரவமில்லாத பருத்திக்காட்டுக்குத் தனியே போனாள். இரண்டு வார்த்தை பேச அவளுக்கு ஆளில்லை. யாராவது கூப்பிட்டாலும் இவள்தான் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மடி நிறையப் பறித்திருந்தபோது ஜக்கம்மாள் எதிரே வந்து நின்றாள். கூலிக்காரி, கடை இருந்த காலத்தில் அன்றாடம் சாமான் வாங்க வந்தவள். மொதலாளியம்மாவுக்கு இங்கே என்ன சோலி என்று கேட்டாள். சௌந்தரம் மடியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஆட்டுக்கு" என்றாள்.

வீட்டில் ஆடேது, குட்டியேது. ஜக்கம்மாளோ பதறிப்போனாள். பிள்ளைகள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்கிற கீரையை ஆட்டுக்குப் போடலாமா, ஆட்டுக்கு நானே குழை ஒடித்துக் கொண்டுவருகிறேன் என்றாள். ஜக்கம்மாளின் மடியில் அத்தனை கீரையையும் சௌந்தரம் தன் கையாலேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அன்றும் ரசம்தான்.

ஜக்கம்மாள் சொன்ன சொல் தவறாதவள். பொழுது சாயும்போது, முள்ளும் இலையுமாக ஒரு கட்டு வேலங்குழையைச் சுமந்துவந்து வாசலில் போட்டாள். ஆடு எங்கே என்று தேடினாள். வீட்டுக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் முத்துலட்சுமி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். வந்த வேகத்தில் முள்ளின் மேலேயே விழுந்தாள்.

ஜக்கம்மாள் பிள்ளையைத் தூக்கி முள்ளை எடுத்தாள். முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தாள். பிள்ளை இமைக்கவில்லை.

"ஆடெல்லாம் இல்ல, ஜக்கம்மா. பிள்ளைக்குத்தான் பறிச்சேன்."

"இதச் சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையாக்கும். கண்ணு போச்சுன்னா ஒங்க கௌரவமா வந்து பிள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்?"

அதற்குப் பிறகு சௌந்தரம் வெயில் வந்த பிறகே கீரைக்குப் போனாள். அரிசியைப் பாதியாக்கி, கம்பு வாங்கி இடித்தாள். தெருவுக்குக் கேட்டால் கேட்கட்டும். மிச்சத்தில் கொஞ்சம் பருப்பும் எண்ணெயும் வந்தன. கொஞ்ச நாள் ஜக்கம்மாளும் கூடவே வந்தாள். பிறகு அவளும் ரெட்டியபட்டிப் பக்கம் களையெடுக்கப் போய்விட்டாள்.

பொங்கலுக்கு வருவதாக இருந்த ராஜகுரு வரவில்லை. கடையில் லீவு இல்லையாம், பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். புருஷனுக்கென்று எடுத்துவைத்த பொங்கலை மூடிவிட்டு, பொழுது அடைந்த பிறகும் விளக்கேற்ற மனமில்லாமல் சௌந்தரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று வாயில் முந்தானையை வைத்து, துளிச் சத்தம் வெளியே வராமல் அழுதாள்.

"ஏம்மா அழுவுற?"

எதிர்ச் சுவரோரம் இருந்து முத்துலட்சுமி கேட்டாள். சௌந்தரம் மூச்சுவிடவும் பயந்து அப்படியே இருந்தாள். பிள்ளை எழுந்து, அந்த மங்கலில் நேராக நடந்துவந்து, அவள் கன்னத்தைத் துடைத்தது.