விசிறி நின்ற படம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. சொன்னவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொல்வாள். டீ ஆறி ஆடை கட்டும்வரை பேசமாட்டாள். பிறகு விட்ட இடத்துக்கும் முன்னாலிருந்து மறுபடி தொடங்குவாள். அந்த இடைவெளிகளில் நானாக எதையாவது இட்டு நிரப்பியிருக்கலாம். ஆனால் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அதில் சந்தேகமில்லை.

எங்கள் புகைப்படக் கழகத்தில் அவளுக்கு முக்காலி என்று பெயர். கேமராவை நிறுத்தும் முக்காலி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஆளும் ஏறக்குறைய அதே ஒல்லி. பகலில் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகி, வீட்டிலும் அதே தொனியில் "உக்காருங்க, சாப்பிடுங்க, பேசாதீங்க" என்பாளாம். அவள் புருஷன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

புருஷன் விமானி. கண்காட்சிகளில் வானத்தில் குட்டிக்கரணம் போடும் மூக்கில் ஒற்றை விசிறி சுழலும் விமானம் அவனுடையது. அதைக் கழற்றிப் பூட்டிப் பராமரித்தவன் அவனுடைய கூடப்பிறந்த தம்பி. அண்ணன் மேலே, தம்பி கீழே, அண்ணி கேமராவுக்குப் பின்னால் என்று குடும்பமே ஓடுபாதையில்தான் குடியிருந்தது.

விமானப் படம் எடுப்பவர்களுக்கென்று ஒரு மானப் பிரச்சினை உண்டு. ஜெட் வந்தால் கேமரா கண் திறந்து மூடும் வேகத்தை உச்சத்துக்குத் திருகவேண்டும். இல்லாவிட்டால் வெறும் தீற்றல்தான் மிஞ்சும். விசிறி வைத்த விமானம் வந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். அப்போதுதான் சுழலும் விசிறி வட்டமாகக் கலங்கித் தெரியும். குறைக்க மறந்தால் விசிறி உறைந்துவிடும், விமானம் நூலில் தொங்கவிட்ட பொம்மை போல நிற்கும். புதிதாக வருகிறவன் அப்படியொரு படத்தை நீட்டினால், "என்னப்பா, பெட்ரோல் தீந்து போச்சா?" என்று கழகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். முக்காலி அந்தத் தப்பை ஒரு நாளும் செய்ததில்லை. அது ஊரறிந்த விஷயம்.

அன்றைய கண்காட்சியில் முதலில் ஜெட்டுகள் வந்து காதைப் பிய்த்துவிட்டுப் போயின. போன கையோடு இரண்டு விசிறி விமானங்கள் ஜோடியாக வந்தன. ஒன்றில் எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் நண்பர், மற்றதில் அவள் புருஷன். ஏரிக்கு மேல் இரண்டும் பிரிந்தன. கேப்டன் வளைந்து திரும்பினார். இவன் மேலேறி, கவிழ்ந்து, மூக்கைக் கீழே குத்தி இறங்கினான். வழக்கமாக நிமிர்த்தும் இடத்தில் நிமிர்த்தவில்லை. ஏரி அவனை வாங்கிக்கொண்டது.

ஜெட்டுகளை எடுத்து முடித்த மற்றவர்கள் குனிந்து ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

வால் துண்டு கிடைத்தது. எஞ்சின் சேற்றுக்குள் போனது போனதுதான். இறங்கும்போது எஞ்சின் சத்தம் கேட்டதென்று சிலர் சொன்னார்கள், கேட்கவில்லையென்று சிலர். ஜெட்டின் இரைச்சலில் எல்லோர் காதும் அடைத்துத்தான் கிடந்தது. எஞ்சியது அவள் எடுத்த படம். கறுப்பு வெள்ளையில், தலைகீழாக ஒரு விமானம். அதன் மூக்கில் விசிறி, கத்தியைப் போல, அசைவே இல்லாமல்.

விசாரணை அதிகாரி ஒரே கேள்வி கேட்டார். "ஜெட் போனதுக்கப்புறம் கேமரா வேகத்தக் குறைச்சீங்களா?"

"குறைச்சேன்," என்றாள். "நான் எப்பவும் குறைப்பேன்."

எந்த வேகத்தில் எடுத்தோம் என்பதை ஃபிலிம் கேமரா குறித்து வைப்பதில்லை. அவள் வார்த்தையே சாட்சி. அப்படியென்றால் விசிறி மெய்யாகவே நின்றிருக்கிறது, எஞ்சின் வானத்திலேயே செத்திருக்கிறது. எஞ்சினுக்குப் பொறுப்பு தம்பி. அவனுடைய உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிந்த மறுநாள் அவள் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகும் பல வருடங்கள் பேசவில்லை.

விமானங்களை விட்டுவிட்டு நட்சத்திரங்களுக்குப் போனாள். ஊருக்கு வெளியே கேமராவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பயணிகள் விமானம் ஏதாவது விளக்கோடு கடந்தால், அது படத்தில் கோடு கிழித்துவிடாமல் ஒரு கறுப்பு அட்டையை லென்சுக்கு முன்னால் பிடிப்பாள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் விமானம் மறைந்து வெகுநேரமான பிறகும் அட்டை இறங்காது. அந்த இருட்டுக்குள் புருஷனுடைய விமானம் வந்துகொண்டிருக்கும், சத்தமில்லாமல். ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதல் சில வாரங்கள் அந்தக் காட்சியோடு ஏதோ ஒரு இரைச்சல் சேர்ந்தே வந்தது. படத்தைப் பார்க்கப் பார்க்க இரைச்சல் தேய்ந்தது. கடைசியில் அவன் தலைகீழாக, ஒரு இறகைப் போலச் சத்தமின்றி, அவளை நோக்கி இறங்கினான்.

வீட்டில் மின்விசிறியை நிறுத்துவதில்லை. போர்வைக்குள் நடுங்கினாலும் அது ஓடவேண்டும். மின்சாரம் போய் இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தனித்துத் தெரிய ஆரம்பித்தால் எழுந்து தெருவுக்கு வந்துவிடுவாள்.

ஒரு நாள் கழகச் செயலாளர் எக்ஸ்ரே அறைக்கே வந்து நின்றார். முதலில் தொப்பை வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார்.

"என்ன சார், நெஞ்சு எக்ஸ்ரேயா?"

"என் நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னு எங்க வீட்டம்மா எப்பவோ சொல்லிட்டா. நம்ம கேப்டன் ஓய்வு பெறுறாரும்மா. கழகத்து சார்பா ஒரு படம் பெரிசு பண்ணிக் குடுக்கலாம்னு."

"குடுங்க."

"அவருக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணுமாம்." செயலாளர் கைக்குட்டையை எடுத்துக் காய்ந்திருந்த நெற்றியைத் துடைத்தார். "அவரும் உங்க வீட்டுக்காரரும் சேந்து பறந்தது. கடைசியா."

காத்திருந்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

"ஒண்ணு இருக்கு," என்றாள் பிறகு. "வீணாப்போன படம். கேப்டன் பாதி வெட்டுப்பட்டுட்டாரு."

"பாதி போதும்மா. முழு கேப்டன எந்தச் சட்டத்துல அடைக்கிறது?"

வீணான படத்தை யாரும் பிரதி போடுவதில்லை. பெரிதாக்கிப் பார்ப்பதும் இல்லை. ஓரத்தில் ஆள் வெட்டுப்பட்டால் அது கழிவு, அவ்வளவுதான். விசாரணைக்குக் கேட்ட அந்த ஒரு படத்துக்கு முந்திய படத்தை அவள் அதுவரை உற்றுப் பார்த்ததில்லை. மறுநாள் மதியம், நோயாளிகள் இல்லாத நேரத்தில், நெகட்டிவ் துண்டை எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்து, உருப்பெருக்கியைக் கண்ணோடு அழுத்திக் குனிந்தாள்.

நடுவில் அவள் புருஷனின் விமானம். வலது ஓரத்தில் கேப்டனுடையது, பாதிக்கு மேல் வெட்டுப்பட்டு, மூக்கு மட்டும் உள்ளே நுழைந்தாற்போல. அந்த மூக்கிலும் விசிறி அசையாமல் நின்றது.

கேப்டன் அன்று ஒரு குறையும் இல்லாமல் தரையிறங்கியவர்.

அவள் உருப்பெருக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இரண்டு விசிறிகளும் நின்றன. இரண்டு எஞ்சினும் ஒரே நொடியில் நிற்கமுடியாது. கேமராதான் அவற்றை நிறுத்தியிருக்கிறது. ஜெட்டுக்கு வைத்த வேகம் அப்படியே இருந்திருக்கிறது.

ஆனால் வேகத்தைக் குறைத்துத் திருப்பியது அவளுக்கு நினைவிருந்தது. வேகச் சக்கரத்தின் பற்கள் கட்டைவிரலில் நறநறவென்று உரசியதுகூட நினைவிருந்தது. அந்த விரலை விளக்குப் பெட்டியின்மேல் வைத்தாள். வெளிச்சம் விளிம்பில் சிவப்பாகக் கசிந்தது. எத்தனை ஆயிரம் தடவை திருப்பிய விரல். எந்தத் தடவையின் உரசலை அது அன்றைய கணக்கில் வைத்துக்கொண்டதோ.

பெட்டியை அணைத்த பிறகுதான் மற்றது உறைத்தது. எஞ்சின் நின்றதற்கு இனிச் சாட்சியே இல்லை. அது ஓடிக்கொண்டிருந்ததென்றால், ஓடுகிற விமானத்தை நிமிர்த்தாமல் விட்டவன் அவள் புருஷன். தம்பியின் தலையிலிருந்து இறக்கும் பாரத்தை அவன் தலையில்தான் வைக்கவேண்டும், பதில் சொல்ல முடியாதவன் தலையில். துண்டைக் கத்தரித்து எறிந்தால் கேட்பாரில்லை. கேப்டனுக்கு வேறு படம் கொடுத்துக்கொள்ளலாம்.

கத்தரிக்கோலை எடுத்ததாகவும் சொன்னாள். ஏன் வெட்டவில்லை என்று நான் கேட்கவில்லை.

தம்பி இப்போது தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறான். முன்னறையே பட்டறை. வாசலில் அவன் மனைவி, முக்காலிக்கு ஓர்ப்படி, துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அடடே, வழி தெரிஞ்சுதா? எங்க வாசலு இங்கயேதான் இருக்கு. நாங்க தூக்கிட்டு ஓடல."

"தம்பி இருக்கானா?"

"எங்க போவாரு? போற எடத்தையெல்லாம்தான் மூடி வச்சாச்சே."

அவன் எழுந்து நின்றான். "வாங்க அண்ணி." கைக் கிரீஸைத் துடைத்த துணியாலேயே ஸ்டூலையும் துடைத்து, அது இன்னும் அழுக்கானதைப் பார்த்து விழித்தான். அவள் உட்காரவில்லை. நெகட்டிவையும் உருப்பெருக்கியையும் நீட்டினாள்.

"வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாரு தம்பி. ஓரத்துல."

வெகுநேரம் பார்த்தான். "கேப்டனோடதும் நிக்குது," என்றான்.

"நிக்கல. நான்தான் நிறுத்திட்டேன். வேகத்தக் குறைக்காம எடுத்திருக்கேன். உன் மேல ஒண்ணும் இல்ல தம்பி. நாளைக்கே போய் எழுதிக் குடுக்கறேன்."

கொடியிலிருந்து ஒரு சட்டை நழுவித் தரையில் விழுந்தது. ஓர்ப்படி அதை எடுக்காமல் உள்ளே வந்தாள்.

"இல்ல அண்ணி," என்றான் அவன், நெகட்டிவை அவளிடமே கொடுத்து. "பெட்ரோல் குழாயோட கிளாம்ப். அன்னிக்குக் காலைல அத நான் முழுசா இறுக்கல. பாதியில அண்ணன் கூப்பிட்டாரு, போயிட்டேன்."

"இறுக்கினேன்னுதானே விசாரணைல சொன்ன?"

"அப்ப அப்படித்தான் ஞாபகம். அப்புறம் நீங்க படத்தக் கொண்டாந்து வச்சீங்க. பாத்துக்கிட்டே இருந்தேன். விசிறி நின்னிருக்குன்னா நான் எதையோ விட்டிருக்கணும்ல? தேடினேன். சோறு திங்கும்போதும் தேடினேன். ஒரு நாள் கெடச்சுது. கையில ஸ்பானரு இருக்கு, அண்ணன் குரல் கேக்குது, ஸ்பானரக் கீழ வைக்கறேன்."

"அந்தப் படத்தப் பாத்ததால உனக்கு அப்படித் தோணுது. படமே தப்புங்கறேன்."

"படம் தப்பா இருக்கட்டும். எஞ்சின் ஓடிச்சுன்னும் அது சொல்லலையே."

"சொல்லல," என்றாள் அவள்.

"என்னங்க," என்றாள் ஓர்ப்படி. குரலில் இருந்த ஏளனமெல்லாம் வடிந்திருந்தது. "அவங்களே வந்து இல்லேங்கறாங்க. சரின்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன்."

"அந்த ஸ்பானரோட குளிர்ச்சி இன்னும் கையில இருக்குடி. அத யாரு வந்து இல்லேங்கறது?"

அவன் மோட்டாரின் முன் உட்கார்ந்தான். ஒரு போல்ட்டை இறுக்கினான். அடுத்ததற்குப் போனான். மறுபடி முதலாவதற்கே வந்து இறுக்கினான். அடுத்ததற்குக் கை நீளும், பாதியில் திரும்பிவிடும். ஓர்ப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை அவள் தினமும் பார்க்கிறாள் என்பது முக்காலிக்குப் புரிந்தது. கடைசியில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் அந்த ஒரு போல்ட்டை விட்டு நகரும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாளாம். விளக்கு வைக்கும் நேரமாகியும் அவன் நகரவில்லை.

அவள் எழுதிக் கொடுத்தாள். விபத்தின் காரணம் தெரியவில்லை என்று அறிக்கையைத் திருத்தினார்கள். உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று தம்பிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவன் போய் வாங்கவில்லை, இன்னும் தண்ணீர் மோட்டார்தான் பார்க்கிறான். ஓர்ப்படி மாதமொருமுறை முக்காலி வீட்டுக்கு வந்து போகிறாள். கேப்டன் அந்தப் பாதிப் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருந்தார், போன வருடம் காலமானார். செயலாளர் இன்னும் செயலாளர்தான். முக்காலி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். கேமராக்களைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள்.