ஆட்டுக் கட்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சி செய்தது ஆட்டுப் புழுக்கையைப் பற்றி. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் எம்.எஸ்சி. முடித்து, அங்கேயே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை நிலத்தில் அடைத்து ஆட்டுக்கிடை போட்டிருக்கும் இடங்களுக்குப் போய்ப் புழுக்கை பொறுக்குவேன். அதை உடைத்து, உள்ளே என்னென்ன விதை இருக்கிறது என்று பார்ப்பேன். அவற்றில் எது முளைக்கிறது என்று மண்சட்டியில் போட்டுப் பார்ப்பேன். சட்டிகளை விடுதி அறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்ததால் என்னோடு தங்கியிருந்த பெண் வேறு அறை கேட்டு வார்டனிடம் அழுதாள்.

வீட்டில் இந்த விவரமெல்லாம் சொல்லவில்லை. விதை ஆராய்ச்சி என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய்யை என்னைப் பெற்ற அய்யா தன் செலவில் சேர்த்துக்கொண்டார். சங்கரபாண்டி மகள் புது ரகப் பருத்தி விதை கண்டுபிடிக்கிறாள் என்று பசுவந்தனை சந்தை வரைக்கும் பரப்பி வைத்திருந்தார். நான் லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் என் பையைத்தான் பார்ப்பார்கள். விதை வந்துவிட்டதா என்று.

ஆனால் எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதத்தில் அய்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. புதூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். ஆவணியில் கல்யாணம், படிப்பு போதும் என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போதுதான் எங்கள் பேராசிரியர் தாணுமாலயனிடமிருந்து தகவல் வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்குப் புரியும்படி ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். மேலிடத்து உத்தரவாம். அதற்கு அவர் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தார். "உங்க ஊர்ன்னா சாப்பாட்டுக்குச் சிரமம் இல்லையே" என்று எழுதியிருந்தார்.

அய்யா இதைக் கேட்டுவிட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"ஊரு முன்னால நீ பேசு. நாலு பேரு கேட்டுட்டு, சங்கரபாண்டி மக படிச்சது வீண் போகலன்னு சொல்லட்டும். நீ படிச்சு முடி. ஊரு சிரிச்சுதுன்னா ஆவணியில கழுத்த நீட்டிரணும். சரிதானா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஆட்டுப் புழுக்கை என்று சொல்லி ஊர் சிரிக்காமல் இருக்க வேண்டும். என் படிப்பு மொத்தமும் அதில் தொங்கியது.

சங்கடம் அதோடு நிற்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வருஷம் ஆடு என்ற வார்த்தையே சண்டையை இழுக்கும். தை மாதத்தில் மாயகிருஷ்ணன் மாமாவின் ஆடுகள் எங்கள் பருத்திக்குள் இறங்கி, காயும் பூவுமாக நின்றதை மேய்ந்துவிட்டன. அய்யா அத்தனை ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போய், அத்துமீறி மேய்கிறவற்றைப் பிடித்து வைக்கும் பவுண்டியில் அடைத்தார், அது கோர்ட் வழக்காகி வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவர்களுக்கு இல்லாததால் சம்சாரிகளுக்கும் ஆட்டுக்காரர்களுக்கும் இல்லை.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர் ஊர்ப் படிப்பகத்தின் செயலாளர் ராமசுப்பு அண்ணாச்சி. நல்ல மனிதர்தான், நல்ல மனிதர்களால் வரும் துன்பத்துக்கு மருந்து கிடையாது. பேராசிரியர் அவருக்கு எங்கள் தலைப்புகளை எழுதி அனுப்பியிருந்தார். சாமித்துரை என்ற மாணவர் பருத்திக் காய்ப்புழு பற்றிப் பேசுவார், நான் ஆடுகளால் விதை பரவுவது பற்றிப் பேசுவேன். மழையை ஆராயும் இன்னொருவரும் வருவதாக இருந்தது. அவர் ஊர்ப் பக்கம் மழை என்று வரவில்லை. ராமசுப்பு அண்ணாச்சி யோசித்துப் பார்த்திருக்கிறார். மேடையில் நடுவில் ஒரு பேராசிரியர், அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், ஆளுக்குப் பத்து நிமிடம், முடிந்தால் மணி. இதற்கு நம் பக்கத்தில் ஒரே பெயர்தான் உண்டு. கோவில்பட்டிக்குப் போய் நோட்டீஸ் அடித்துவிட்டார்.

கூட்டத்தன்று மதுரையிலிருந்து நானும் பேராசிரியரும் சாமித்துரையும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைச் சுவரில் அதைப் பார்த்தோம். மாபெரும் பட்டிமன்றம். கரிசல் சம்சாரிக்குக் கைகொடுப்பது பருத்தியா, ஆடா? பருத்தியே என்று சாமித்துரை. ஆடே என்று ராதாமணி. நடுவர், பேராசிரியர் தாணுமாலயன்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நாகர்கோவில்காரர், வாய் அதிர்ந்து பேசாதவர். "நான் என்னைக்கும்மா நடுவரா இருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

அய்யா வீட்டில் கவலையே இல்லாமல் இருந்தார். "அச்சாபீஸ்காரன் பேர மாத்திப் போட்டுட்டான். நீ மேடையில ஏறிப் பருத்திக்குப் பேசிரு. அந்தத் தம்பி ஆட்டுக்குப் பேசிட்டுப் போகட்டும்" என்று சொல்லிப் பேராசிரியர் இலையில் இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றினார். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் யாரையாவது உபசரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. வேப்பமரத்துக்கு ஒரு பக்கம் சம்சாரிகள், மறுபக்கம் ஆட்டுக்காரர்கள். நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். வழக்கமாக எந்தக் கூட்டத்துக்கும் வராத ஆட்டுக்காரர்கள் கையில் கம்போடு வந்திருந்தார்கள். தங்கள் கட்சிக்குப் பேச ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் யார்தான் வரமாட்டார்கள்? முன்வரிசையில் அய்யா வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் சாமித்துரை பேசினார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், பாவம், தான் எந்தக் கட்சி என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. காய்ப்புழு எப்படிக் காயைத் துளைக்கிறது, உள்ளே எப்படி வளர்கிறது, மருந்துக்கு எப்படிப் பழகிக்கொள்கிறது என்று புழுவின் பெருமையை மட்டுமே பேசினார். பருத்தி போட்டால் பிழைக்க வழியே இல்லை என்று பத்து நிமிடத்தில் நிரூபித்துவிட்டார்.

"ஏலே, நம்ம கட்சியில ஏறிக்கிட்டு அவியளுக்குப் பேசுதானே" என்று சம்சாரிகள் பக்கம் ஒரு குரல் எழுந்தது. ஆட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் ராமசுப்பு அண்ணாச்சி மணி அடித்தார்.

அடுத்து நான். மைக்கைப் பிடித்ததும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"என் ஆராய்ச்சி ஆட்டுப் புழுக்கையைப் பற்றியது."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் ஒலிபெருக்கிக் குழாயை முறைத்துக்கொண்டிருந்தார், அது தவறாகச் சொல்லிவிட்டது போல. எனக்கு ஒரு குணம் உண்டு. பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும், கோபம் வந்தால் நன்றாகப் பேசுவேன்.

ஆடு காயைத் தின்கிறது. காயின் சதை செரித்துவிடுகிறது, விதை மட்டும் செரிக்காமல் புழுக்கையில் வெளியே வருகிறது. விதையின் மேல்தோல் கெட்டியானது, நேரே மண்ணில் போட்டால் லேசில் முளைக்காது. ஆட்டு வயிற்றுக்குள் போய்வந்த விதைக்குத் தோல் இளகியிருக்கும், மழை விழுந்ததும் முளைத்துவிடும். இரண்டு விதமாகவும் சட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆடு வெறுமனே மேய்ந்துவிட்டுப் போகவில்லை. போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டு, விதைத்ததற்கு எருவும் வைத்துவிட்டுப் போகிறது. "அந்தக் கணக்கில் ஆடும் ஒரு சம்சாரிதான்" என்றேன்.

ஆட்டுக்காரர்கள் பக்கம் விசில் பறந்தது. கம்புகள் மேலே எழுந்தன. மாயகிருஷ்ணன் மாமா எழுந்து நின்று கை தட்டினார். என் அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. ஆடு விதைப்பதில் பெரும்பகுதி சீமைக்கருவை முள், அதுதான் நம் புஞ்சைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது, அது காய்க்கும் காலத்தில் ஆட்டைப் புஞ்சைக்குள் விடவே கூடாது. என் ஆராய்ச்சியின் முடிவே அதுதான். கை தட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓய்ந்தபோது மணி அடித்துவிட்டது. கை தட்டிய நேரமும் பேசிய நேரத்தில் சேர்த்தி என்று ராமசுப்பு அண்ணாச்சி மைக்கை வாங்கிக்கொண்டார்.

பேராசிரியர் எழுந்து அனைவருக்கும் நன்றி சொல்லிக் கும்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"தீர்ப்பு?" என்றார் மாயகிருஷ்ணன் மாமா.

இது பட்டிமன்றமே இல்லை, இரண்டும் வேறு வேறு ஆராய்ச்சி என்று பேராசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்து, அவர் பெயருக்கு மேலே இருந்த வார்த்தையைக் காட்டினார்கள். அதற்குள் சம்சாரிகள் நாலு பேர் சாமித்துரையைச் சூழ்ந்து ஏதோ ஓதினார்கள். பதில் சொல்லாவிட்டால் தோற்றதாக அர்த்தம் என்று மறுபடி மைக் முன்னால் தள்ளினார்கள். அவர், "புழுக்கை பொறுக்கறதெல்லாம் ஒரு ஆராய்ச்சிங்களா? எங்க பக்கம் சொன்னா சிரிப்பாங்க" என்றார்.

சம்சாரிகள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அது நிற்கவே இல்லை. ஊர் சிரித்துவிட்டது. ஆவணி, புதூர், பூச்சிமருந்துக் கடை எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. அய்யா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். என்னைக் கையைப் பிடித்து இறக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மைக்கைப் பிடித்தார்.

"தம்பி, புழுக்கையின்னு எளப்பமாச் சொல்லுதீரே. எங்க புஞ்சை வெளைஞ்சதெல்லாம் கிடை போட்டு வெளைஞ்சது. மூடை உரம் நேத்து வந்தது. என் மக ஆடு விதைக்குதுங்கா. விதைக்கத்தான் செய்யும். அவ கண்ணால பாத்துட்டுச் சொல்லுதா. நீரு புழுவத் தவிர என்னத்தப் பாத்தீரு?"

சிரித்துக்கொண்டிருந்த சம்சாரிகளுக்குத் திக்கென்றது. "சங்கரபாண்டி, நீ எந்தக் கட்சியப்பா?" என்று கேட்டார்கள்.

"நான் எம் மக கட்சி" என்றார் அய்யா.

நான் அழுதுவிட்டேன். மேடையில் அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. அதுவரை என் படிப்பைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் பருத்தி விதைக்குச் சேர்ந்தவை. இது ஒன்றுதான் எனக்கு.

மாயகிருஷ்ணன் மாமா மேடையேறித் தன் தோள்துண்டை எடுத்து அய்யாவுக்குப் போர்த்தினார். "அண்ணாச்சி, நாளைக்கே நம்ம கிடையக் கொண்டாந்து உங்க கீழப் புஞ்சையில போடுதேன். ஒரு கூலியும் வேண்டாம்" என்று மைக்கிலேயே சொன்னார். அத்தனை பேர் முன்னால் அய்யா எப்படி வேண்டாம் என்பார்? கும்பிட்டார்.

அதற்கு மேல் ஆட்டுக்காரர்கள் தீர்ப்பில்லாமல் நகர்வதாக இல்லை. சம்சாரிகளோ இது செல்லாது என்று கத்தினார்கள். பேராசிரியர் ஒரு பக்கம் கம்புகளைப் பார்த்தார், மறுபக்கம் முண்டாசுகளைப் பார்த்தார், கடைசி பஸ்ஸையும் நினைத்துக்கொண்டார்.

"ராதாமணியோட ஆராய்ச்சி இன்னும் முடியல்ல. முடியாத ஆராய்ச்சிய வச்சுத் தீர்ப்பு சொன்னா அது நியாயம் இல்ல. அவ முடிச்சுட்டு இதே எடத்துல வந்து முடிவ வாசிப்பா. அதுதான் தீர்ப்பு."

வாய்தா என்றால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும். பவுண்டி வழக்கில் பழகியவர்கள். கலைந்து போனார்கள்.

பேராசிரியரையும் சாமித்துரையையும் பஸ் ஏற்றிவிட்டு நானும் அய்யாவும் வீட்டுக்கு நடந்தோம். அய்யா துண்டைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"புதூர்க்காரவியகிட்ட கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருதேன். வழக்கு நிக்கும்போது பிள்ளையக் கட்டிக் குடுத்தா, தோத்துருவோம்னு பயந்து அனுப்பிட்டான்னு சொல்லுவானுவ. நீ போயி வெரசா முடி. முடிச்சுட்டு வந்து வாசி. நாம செயிச்சிருவோம்லா?"

அவர் அவ்வளவு சந்தோஷமாக நடந்து நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் என் கட்சி என்று சொன்ன மனிதரிடம் மறைக்க மனம் வரவில்லை. நின்று, விஷயத்தைச் சொன்னேன். ஆடு விதைப்பது சீமைக்கருவையை. கீழப் புஞ்சையில் அவர் வருஷா வருஷம் வெட்டி மாளாத முள் எல்லாம் ஆடு நட்டது. நாளைக்கு வரப்போகிற கிடை இன்னும் கொஞ்சம் நடும். ஆராய்ச்சி முடிந்து நான் வாசித்தால், தோற்பது ஆட்டுக் கட்சிதான்.

அய்யா தெருவில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"சாருக்குத் தெரியும்யா."

"அவரு சாப்பிடக்கூட வாயத் தொறக்க மாட்டேங்காரு, சொல்ல மாட்டாரு. படிப்பு முடிய எவ்வளவு நாள் ஆகும்?"

"அடுத்த வருஷம் முடிச்சிருவேன்."

அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படி என்னட்டி அவசரம்? நல்லா நிதானமாப் படி. எத்தன வருஷம் ஆனாலும் சரி, அய்யா படிக்க வைக்கேன்" என்றார்.