இன்ஜினை இறக்கத் தேவையில்லை

பக்கவாதத்தில் படுத்திருந்த அம்மா இருதயம்மாளைப் பார்க்க, ஜெனிதா சனிக்கிழமைதோறும் தன் பழைய மாருதியில் கோவையிலிருந்து பவானிக்குப் போய்வருவாள். காருக்கடியில் ஆயில் ஒழுக ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பயணம் நின்றுபோனது.

"இன்ஜினை இறக்கிப் பிரிச்சாத்தான் ஆகும் ஜெனி. இந்தப் பழைய வண்டிக்கு அது வீண் வேலை. வித்துப்போடலாம்" என்றான் கணவன் வின்ஸ்டன். பம்ப் கம்பெனியில் ஃபிட்டர், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காலையில் தரையில் படிந்த ஆயிலை அவனே மரத்தூள் போட்டுத் துடைப்பான். அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

விற்குமுன் இன்னொருவரிடமும் காட்டலாமென்று உக்கடத்தில் ஜபருல்லாவின் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். அவர் இன்ஜினைக் கழுவி, ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஒரு எடத்துல ஒழுகுனா சீல் போச்சுன்னு சொல்லலாமுங்க. இது சுத்தியும் கசியுது. உள்ளாற காத்து போக வழியில்லாம அழுத்துதுங்க."

இன்ஜினின் காற்று வெளியேறும் ரப்பர் குழாயைக் கழற்றி, கம்பியை விட்டு இழுத்தார். ஆயிலில் ஊறிய துணிச்சுருள் ஒன்று வந்தது. விரித்தால் வின்ஸ்டனின் பழைய கம்பெனிச் சட்டைத் துணி. பாக்கெட்டோரத்தில் அவளே போட்ட தையல்.

"இது தானாப் போய் உக்காராதுங்க" என்றார் ஜபருல்லா. இன்ஜின் மேல்மூடிக்கடியில் இறுகிப்போயிருந்த ரப்பர் பேக்கிங்கையும் மாற்றினார். மாலைவரை ஓட்டிப் பார்த்தும் ஒரு சொட்டு விழவில்லை.

வீட்டுக்கு வந்து துணியை மேசைமேல் வைத்தாள். வின்ஸ்டன் மறுக்கவில்லை.

"வாரமானா அங்க போயிர்ற. ஊட்டுல நான் ஒருத்தன் இருக்கறதே உனக்கு நெனப்பில்ல. கொஞ்ச நாள் நிக்கட்டும்னு செஞ்சுபோட்டேன்."

"போகாதேன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பனுங்க. அதோட போயிருக்கும். வண்டி சரியாகோணும்னு எங்கூட முட்டிபோட்டு ஜெபம் பண்ணுனீங்களே, அது எதுக்குங்க?"

"இந்தச் சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"வேண்டாமுங்க."

மறுநாள் விடிந்ததும் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பவானியில் அம்மா, அசைக்க முடிந்த கையால் அவள் கன்னத்தைத் தடவினாள்.

"வண்டி சரியாயிருச்சா கண்ணு?" குழறலாகக் கேட்டாள்.

"ஆயிருச்சும்மா."

"மாப்பிள்ளை வரலியா?"

பையிலிருந்த ஃபோன் அடித்தது. ஜெனிதா எடுக்கவில்லை. அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.