மேற்கு லயத்தின் கடைசி வீடு

மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், செல்லத்தைப் புதைத்த மறுநாள், கூலியாட்களின் வீடுகள் வரிசையாய் ஒட்டி நின்ற மேற்கு லயத்தின் கோடியில் ஒரு வீடு கூடுதலாக நின்றது. அதே பலகைச் சுவர், அதே தகரக் கூரை. அடுப்பில் மட்டும் யாரும் மூட்டாத நெருப்பு. ரப்பர் நல்ல விலைக்குப் போன இருபத்தாறாம் வருஷம் அது. செல்லத்தின் புருஷன் அந்த வாசலிலேயே நடந்தும் வீட்டைக் காணவில்லை. பெண்டாட்டியை அதட்டிக்கூடப் பேசாத லெட்சுமணன் அதன் தூணில் சட்டையைக் காயப்போட்டார். கை நீட்டுகிறவன் கண்ணுக்கு அது தெரியாது என்று பெண்கள் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

தோட்டத்தில் வீடு ஆம்பளை பேரில்தான் கொடுப்பார்கள். புருஷனை விட்டு ஓடியவளைக் கங்காணி சின்னத்தம்பி தேடிப் பிடித்து அவன் கையிலேயே ஒப்படைப்பார். செல்லத்தை அப்படித்தான் ஒப்படைத்தார். பாவி மகள், மழைக்காலம் முடியுமுன்னே போய்ச் சேர்ந்தாள். ஆனாலும் கங்காணிக்கு நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் தேவாரம், வீட்டிலிருந்து ஒரு சத்தம் வெளியே வராது. தங்கமான மனுஷன் என்றது தோட்டம்.

காளியப்பன் கள்ளுக்கடையிலிருந்து வந்து பெண்டாட்டி பேச்சியம்மாளின் கையை ஒடித்த அன்று, அவள் அந்த வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் லயத்தை மேலும் கீழும் அலைந்தான்; கோடிக்கு அப்பால் அவனுக்கு லாலான் புல்தான் தெரிந்தது. கோடி வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு குழந்தை உளறியதைக் கேட்டு, விடிந்ததும் கங்காணியைக் கூட்டி வந்தான். கங்காணி நல்லவர், அவர் கண்ணுக்குக் கதவு தெரிந்துவிடும், இன்றோடு தன் கதை முடிந்தது என்று பேச்சியம்மாள் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள். அவர் கதவுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

“என்னடா காளியப்பா, வெறும் லாலான் காட்டுக்கா என்னைக் கூட்டிட்டு வந்த? இங்க வீடு எங்கடா இருக்கு?”

லயமே திரும்பி அவர் மனைவி கிருஷ்ணம்மாவைப் பார்த்தது. எந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை ரவிக்கை போடுகிற மனுஷி. “உங்க மூக்குக்கு முன்னாலதான் இருக்குங்க” என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள். பேச்சியம்மாள் கதவைத் திறந்து, “அக்கா, நீங்களுமா?” என்று அழுதாள்.

அதன்பிறகு எத்தனை பேர் வந்தாலும் அந்த வீட்டில் இடம் பற்றாமல் போனதில்லை. சின்னத்தம்பி கடைசிவரை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத படியில் இடித்துக்கொண்டு காலைத் தடவினார். லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது லெட்சுமணன் அதற்கும் சேர்த்து அடித்தார். உள்ளே இருப்பவர்கள் முதல் அகப்பைக் கஞ்சியைச் செல்லத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் குடித்தார்கள்.