பட்டியலில் பதினான்காவது

ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் எரிபெர்த்தோ ஓர்லாண்டோவிலிருந்து விமானம் ஏறி வந்து, புயல் என்றால் என்ன என்று தன் அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பான். அக்கா நெரெய்தா லெப்ரோன் அறுபத்துமூன்று வருடமாகத் தீவின் கடலோர ஊரான மவுனாபோவை விட்டு நகராதவள். மரியா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன அன்று, குளியலறைக்குள் மெத்தையைத் தலைக்குமேல் பிடித்தபடி பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள். அதே நேரத்தில் எரிபெர்த்தோ ஓர்லாண்டோவில் சோபாவில் சாய்ந்து அந்தப் புயலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததை வைத்தே நிபுணன் ஆகிவிட்டான்.

இந்த வருடம் ஒரு ஆரஞ்சு நிறப் பை வந்தது. சாப்பாட்டு மேஜையில் இருந்த பழக்கூடையை நகர்த்திவிட்டு, ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் மாதிரி கைகளைத் துடைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்தான்.

"உக்காரு நெரி. எழுபத்திரண்டு மணி நேரம் ஒரு மனுஷன் உயிரோட இருக்கறதுக்கு என்னெல்லாம் வேணுமோ, எல்லாம் இதுல இருக்கு."

"எழுபத்திரண்டா? போன தடவை கரண்டு வர்றதுக்கு ஒன்பது மாசம் ஆச்சு. மிச்ச நாளெல்லாம் செத்துக் கிடக்கணுமா?"

"அதுக்குள்ள உதவி வந்துரும்னு கணக்கு."

"யாரு போட்ட கணக்கு?"

"நிபுணர்ங்க."

"அவங்க வீட்டுல கரண்டு போயிருக்காது."

அவன் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினான். மடித்து வைத்த ஒரு வெள்ளித் தாளை விரித்தபோது அது மேஜை முழுவதும் சலசலத்தது.

"இது என்னடா, பன்னி சுடறதுக்கா?"

"போர்வை. உடம்புச் சூடு வெளிய போகாம பாத்துக்கும்."

"செப்டம்பர் மாசத்துல, மவுனாபோவுல, உடம்புச் சூடு வெளிய போக மாட்டேங்குதுன்னுதானே நாங்க சாகறோம்."

அடுத்து ஒரு விசில் வந்தது. இடிபாட்டில் மாட்டிக்கொண்டால் ஊதுவதற்காம். ஊதினால் வருவதற்குப் பக்கத்து வீட்டு மொதெஸ்தோவைத் தவிர யாரும் இல்லை, அவருக்கோ எழுபத்துநாலு வயது, இரண்டு காதும் மந்தம் என்று நெரெய்தா சொன்னாள். பிறகு ஒரு திசைகாட்டி. கடல் இந்தப் பக்கம், மலை அந்தப் பக்கம் என்று அவள் நாற்காலியை விட்டு எழாமலே கையைக் காட்டினாள். கடைசியாக, காயவைத்த மாட்டுக்கறியும் நூடுல்ஸும் அடைத்த பொட்டலங்கள். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும் என்றான்.

"வெந்நீர் எங்கேருந்து வரும்?"

"அடுப்புலேருந்துதான்."

"அடுப்பு எரியுதுன்னா நான் சோறும் பீன்ஸும் ஆக்கித் தின்ன மாட்டேனா? இந்த மண்ணை எதுக்குத் திங்கணும்?"

நெரெய்தாவிடம் என்ன இல்லை? பின்னறையில் இரண்டு கேஸ் சிலிண்டர்கள், மூடி போட்ட எட்டு வாளிகள், தீட்டி எண்ணெய் தடவிய அரிவாள், நீலத் தார்ப்பாய், பெரிய தகர டின்களில் உப்பு பிஸ்கட், டப்பாவில் அடைத்த சாசேஜ், காப்பித்தூள், துணி வடிகட்டி, கொசு மருந்து, குளோரின் பாட்டில். கொல்லையில் தண்ணீர்த் தொட்டி. எரிபெர்த்தோ அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"இது கிட் இல்ல நெரி. இது குடோன். ஒரு முறை வேணும், ஒரு பட்டியல் வேணும்."

பட்டியலும் வைத்திருந்தான். இருபது பொருட்கள், எண் போட்டு, மேலே தன் புகைப்படத்தோடு, பளபளவென்று லேமினேட் செய்தது. சனிக்கிழமை சமூகக் கூடத்தில் ஊராருக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப் போகிறான். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பட்டியலும் ஒரு சின்ன டார்ச்சும் இலவசம்.

பட்டியலில் பதினான்காவது: முக்கிய ஆவணங்கள், தண்ணீர் புகாத உறையில். அவள் பிஸ்கட் டின்னில் வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அட்டை, சர்க்கரை மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் அவன் வாங்கி உறைக்குள் போட்டு மூடினான்.

"முடிஞ்சுது."

நெரெய்தா பட்டியலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். "வீட்டுப் பத்திரம்னு போட்டிருக்கே."

"அது என்கிட்ட பத்திரமா இருக்கு. அங்க பாங்க் லாக்கர்ல."

"ஒரு ஜெராக்ஸாவது இதுல இருக்க வேண்டாமா? ஊருக்கெல்லாம் சொல்றே."

"அனுப்பறேன்."

"உன் பெண்டாட்டி பிரெண்டாகிட்ட இப்பவே கேளேன்."

"அவ வேலைல இருப்பா. போனதும் அனுப்பறேன்னு சொல்றேன்ல."

பேச்சை மாற்றி ரேடியோவின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். அது கொரகொரத்தது.

பத்திரத்தின் அருமை அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரியாவுக்குப் பிறகு நிவாரணம் கேட்டு வரிசையில் நின்றவர்களில், வீடு தன்னுடையது என்று காகிதத்தில் காட்ட முடியாதவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நெரெய்தாவின் வீடு அம்மாவுடையது. அம்மா போன பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி. புயலுக்குப் பின் ஆறாவது வாரம் எரிபெர்த்தோ ஒரு வக்கீலையும் அழைத்துக்கொண்டு வந்தான். விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று சில தாள்களை ஐஸ் பெட்டியின் மேல் வைத்தான். அவளுடைய கண்ணாடி புயலோடு போயிருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பணம் வந்தது, கூரை ஏறியது. அந்தக் கூரையை யார் போட்டுக் கொடுத்தது என்பதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் நினைவுபடுத்தத் தவறியதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவன் கூடத்தில் நாற்காலி போடப் போயிருந்தபோது, நெரெய்தா தானே பிரெண்டாவுக்குச் செய்தி அனுப்பினாள். எரிபெர்த்தோவின் மனைவி பிரெண்டா நல்லவள். யார் என்ன கேட்டாலும் அரை நாளுக்குள் செய்து முடித்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பவள். கால் மணி நேரத்தில் பத்திரத்தின் ஏழு பக்கங்களும் போனில் வந்து விழுந்தன. பின்னாலேயே அவள் குரல்.

"இந்தாங்க நெரெய்தா. வீட்டை வாங்கற அந்த ஓட்டல்காரர் கேட்டப்பவே ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தேன், அதான் சட்டுனு அனுப்ப முடிஞ்சுது. நீங்க இங்க வரப்போறதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். உங்க ரூமுக்கு ஊதாக் கலர் பெயிண்ட் அடிச்சாச்சு. ஊதா பிடிக்கும்தானே?"

நெரெய்தா அந்தக் குரலை மூன்று முறை கேட்டாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஏழு பக்கத்தையும் படித்தாள். அவள் பெயர் அதில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது: தன் பங்கைத் தன் சகோதரனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாள் என்ற இடத்தில். மற்ற எல்லா இடத்திலும் எரிபெர்த்தோ லெப்ரோன்.

முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். ஆறு வருடமாக அவன் கொண்டுவருகிறதையெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோனதை ஒருநாளும் பார்க்கவில்லை. இவனாவது ஏமாற்றுவதாவது, அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே என்று நினைத்திருந்தாள்.

மதியம் அவன் வந்ததும் சாப்பாடு போட்டாள். சோறு, பீன்ஸ், பொரித்த வாழைக்காய். அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பசியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் வாழைக்காய் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனிடம் என்ன சொல்வது என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

சனிக்கிழமை அறுபது நாற்காலி போட்டதில் முப்பது நிறைந்தது. டார்ச் இலவசம் என்பதால் அந்த முப்பது. எரிபெர்த்தோ இஸ்திரி போட்ட சட்டையில், மைக் வைத்துக்கொண்டு பேசினான். விசிலுக்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான், ஊதியும் காட்டினான். வெள்ளிப் போர்வையை ஒரு பெண்மணியின் தோளில் போர்த்தியபோது, அவள் வேர்த்து வழிந்தபடி எவ்வளவு நேரம் இதோடு நிற்கணும் என்று கேட்டாள். பதின்மூன்றாவது பாட்டரி. அதை முடித்துவிட்டு, "அடுத்தது கிருமிநாசினி" என்றான்.

முன்வரிசையில் மொதெஸ்தோ கையைத் தூக்கினார். காது மந்தம் என்பதால் அவர் ஒருவர்தான் பட்டியலில் விரல் வைத்து வரி வரியாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

"பதினாலை விட்டுட்டியேப்பா."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் மொதெஸ்தோ ஐயா. காகிதம்."

"என்னது?"

"காகிதம். பேப்பர்."

"அந்தப் பேப்பர் இல்லாமதான் மூணு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில படுத்திருந்தேன்," என்றார் மொதெஸ்தோ, கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "ஊதறதுக்குப் பத்து நிமிஷம். இதுக்கு ஒரு நிமிஷம் கிடையாதா? நீ எப்படி வெச்சிருக்கேன்னு சொல்லு, நாங்க கத்துக்கறோம். உங்க வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

பெரியவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் கேட்டார். எரிபெர்த்தோவின் கண் நேராக மூன்றாவது வரிசைக்கு, அக்காவிடம் போயிற்று. அந்தப் பார்வை இல்லாவிட்டால் ஒருவேளை அவள் அன்று உட்கார்ந்தே இருந்திருப்பாள்.

"எங்க குடும்பத்துப் பேர்லதான்," என்றான்.

நெரெய்தா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அவன் பேர்ல இருக்கு. நான் அவன் வீட்டுல குடியிருக்கேன். எனக்கே நேத்துதான் தெரியும்."

போர்வைக்காரப் பெண்மணி போர்வையைக் கழற்றாமலே, "வாடகை வாங்கறானா?" என்று விசாரித்தாள்.

"இன்னும் இல்ல. ஓட்டலுக்கு விக்கப் போறானாம். என்னை ஓர்லாண்டோவுல ஊதாக் கலர் ரூம்ல வெச்சுக்குவானாம்."

"நெரி, நிவாரணத்துக்கு ஒரே பேர்ல இருக்கணும்னு சொன்னாங்க. அதுக்காகத்தான்..." மைக் இன்னும் கையில் இருந்ததை மறந்துவிட்டான். கூடம் முழுக்க அவன் மூச்சு கேட்டது.

"கூரை போட்டு ஆறு வருஷம் ஆச்சு. திருப்பி எழுத ஆறு வருஷம் பத்தலையா?"

பக்கத்தில் இருந்தவர் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் மொதெஸ்தோவுக்கு விஷயம் புரிந்தது. அவர் எழுந்து போய்த் தன் டார்ச்சை மேடை மேஜைமேல் வைத்தார். பின்னாலேயே மற்றவர்களும் போய் வைத்தார்கள். இரண்டு பேர் மட்டும் வைக்கவில்லை. அவர்களுக்கு நியாயம் வேறு, டார்ச் வேறு.

வீட்டுக்கு வந்ததும் எரிபெர்த்தோ அழுதான். அழகாக அழ அவனுக்கு எப்போதும் வராது, மூக்கு முதலில் சிவந்துவிடும்.

"மரியா அப்போ பதினோரு நாள் நீ உயிரோட இருக்கியா இல்லையான்னே தெரியல. போன் இல்ல, ஒண்ணும் இல்ல. அதை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது. வீட்டை வித்தாதான் நீ இங்கேருந்து கிளம்புவே."

"ஓட்டல்காரன் எவ்வளவு தரேன்னான்?"

அவன் கைக்குட்டையைத் தேடினான்.

அவன் சொன்ன பதினோரு நாளும் உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓட்டல்காரனும் உண்மைதான். முதல் உண்மை அவளை ஒரு கணம் அசைத்தது, அதனாலேயே அவன்மேல் இன்னும் இளக்காரம் வந்தது. ஒருத்தியைப் பற்றிக் கவலைப்படுகிறவன் அவளிடம் வந்து கேட்பான். இவன் அவளுடைய கண்ணாடி காணாமல் போன சமயமாகப் பார்த்து வந்தான்.

"திங்கக்கிழமை வக்கீல்கிட்ட போறோம்," என்றாள்.

"நாளைக்கு எனக்கு ஃப்ளைட்."

"மாத்து. இல்லேன்னா போ. பிரெண்டாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். அவளுக்குப் பாதிதான் தெரியும் போலிருக்கு."

மாற்றினான்.

ஊரில் ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீல் முப்பது வயதுப் பெண். நெரெய்தா தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

"எல்லாத்தையுமா? ஒரு மணி நேரம் ஆகும்மா."

"எனக்கு அவசரம் இல்ல. அவனுக்குத்தான் விமானம் பிடிக்கணும்."

வக்கீல் படித்தாள். பாதி வீடு நெரெய்தாவுக்கு, முன்பு இருந்தபடியே. அவள் உயிரோடு இருக்கும்வரை மறுபாதியையும் அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கீழே அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை வந்துகொண்டிருந்தது. எரிபெர்த்தோ தன் ஷூவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது, "நீ என்னை எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்திட்டே நெரி," என்றான்.

"மைக் உன் கையிலதானே இருந்துது," என்றாள் அவள்.

விமான நிலையத்துக்கு அவன் வாடகை வண்டியில் போனான். பிரெண்டா அடுத்த வாரம் நெரெய்தாவிடம் மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி அனுப்பினாள். தனக்கு ஒன்றுமே தெரியாது என்றும், அந்த அறையில் இப்போது தையல் மெஷினைப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். எரிபெர்த்தோவிடமிருந்து செய்தி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஒரு சின்னப் புயல் தீவுக்குத் தெற்கே ஒதுங்கிப் போயிற்று. காற்று கொஞ்சம், மழை நிறைய. பின்மதியத்தில் கரண்டு போனது. நெரெய்தா அடுப்பில் காப்பி வைத்திருந்தபோது போன் அடித்தது. ஓர்லாண்டோ எண். அடிக்க விட்டாள். நின்றது. மறுபடி அடித்தது. நான்காவது தடவை எடுத்தாள்.

"நெரி?"

"உயிரோட இருக்கேன்," என்றாள்.

அவன் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தது அவளுக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு, பொங்கி வந்த காப்பியை இறக்கப் போனாள்.